ஏரிக்கரையில் இரண்டு பேர்

அன்புள்ள அப்பாவுக்கு, பார்கவியின் வணக்கம். உங்கள் முட்டிவலி குறைந்ததா? நான் சௌக்கியம்.

இங்கே பெங்களூர் வைட்ஃபீல்டில் ஞாயிறுதோறும் ஏரி சுத்தம் செய்யப் போகிறேன் என்றேனே, அங்கே சின்னத் தகராறு. கழிவுநீர் கொட்ட வந்த லாரியை எங்கள் குழுவை நடத்தும் ருக்மிணி அக்கா மறித்தார். டிரைவர் தள்ளியதில் அவருக்குக் கை முறிந்தது. எனக்கு ஒன்றுமில்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

மறுவாரம் வேறு யாரும் வரவில்லை. கட்டுப்போட்ட கையோடு அக்கா மட்டும் நின்றிருந்தார்.

“நீயும் போயிடும்மா.”

“ஒத்தக் கையால எப்படிக்கா அள்ளுவீங்க?”

செத்து மிதந்த மீன்களை அள்ளிப் புதைத்தோம்.

உங்கள் பழைய ரப்பர் பூட்ஸை அனுப்புங்கள். பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை. ஆபீஸ் வண்டி வந்துவிட்டது. ஞாயிறு காலை நான் ஏரிக்கரையில் இருக்கும்போது போன் செய்யுங்கள் அப்பா. நான் எடுக்கும்வரை விடாதீர்கள்.

உங்கள் மகள்,
பார்கவி