நீலக் குளிசையும் அகத்திக் கீரையும்

வெள்ளவத்தைச் சந்தையில் இன்று காலை ஒருவர் ஈரச் சாக்கை விரித்து அகத்திக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒடித்த காம்பின் பச்சை மணம் எழும்பியதும் நின்றுவிட்டேன். "பிஞ்சு இலை அக்கா, எடுங்கோ" என்றார். அவரை ஏன் அப்படி முறைத்துப் பார்த்தேன் என்று அந்த மனிதருக்குத் தெரிய நியாயமில்லை. உங்களுக்குத் தெரியும், மாமி.

கொட்டாஞ்சேனையிலிருந்து உங்கள் சைவ வீட்டுக்கு மருமகளாக வந்த வேதக்காரப் பிள்ளையை, கிறிஸ்தவளான என்னை, நீங்கள் ஒருநாளும் பழித்துப் பேசியதில்லை. "நீர்" என்று மரியாதையாகத்தான் கதைப்பீர்கள். ஆனால் நான் ஊற்றித் தரும் தேநீரை மணந்து பார்க்காமல் குடித்ததில்லை. இஞ்சி கூடிவிட்டதா என்று பார்ப்பதாகச் சொல்வீர்கள். இஞ்சி போடாத நாளிலும் மணந்தீர்கள். நானும் குறைந்தவள் இல்லை. உங்கள் அறைக்கதவு சாத்தியிருந்தால், உள்ளே போனில் என் கதைதான் ஓடுகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

உங்கள் இதயத்தில் உலோக வால்வு வைத்த பிறகு அந்த நீலக் குளிசை வீட்டுக்கு வந்தது. உலோகத்தில் படும் இரத்தம் உறையப் பார்க்கும். உறைந்த துண்டு மூளைக்குப் போனால் பாரிசவாதம். இரத்தம் உறைவதற்கு விற்றமின் கே வேண்டும். குளிசை அதை வேலை செய்ய விடாமல் மறிக்கும். கீரையில் அதே விற்றமின் நிறைய இருப்பதால் கவனமாக இருக்கச் சொல்லிக் கிளினிக்கிலிருந்து அனுப்பினார்கள். நானும் வீட்டில் கீரை வாங்குவதைக் குறைத்தேன். ஒவ்வொரு பின்னேரமும் குளிசையை உங்கள் உள்ளங்கையில் வைப்பது என் வேலையாயிற்று.

எங்கள் தொடர்மாடியின் மூன்றாம் மாடி அன்ரி ஒருநாள் வந்து கதைத்துவிட்டுப் போனதும் நீங்கள் மகனைக் கூப்பிட்டீர்கள்.

"தம்பி, இந்தக் குளிசை எலிக்கு வைக்கிற மருந்தாமே. ரத்தம் போய்த்தான் சாகுமாம்."

"ஆர் சொன்னது? விசர்க்கதை அம்மா. அப்பிடி ஒண்டும் இல்லை."

அது விசர்க்கதை இல்லை. அதே மருந்தைத்தான் முன்பு எலிக்கு வைத்தார்கள். எலிக்கு அளவில்லாமல், மனிதருக்கு அளந்து. எனக்கு அது தெரியும் என்பதை என் முகம் காட்டிக் கொடுத்திருக்க வேண்டும். பதில் சொன்ன மகனை நீங்கள் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தீர்கள்.

அதற்குப் பிறகு, இரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று பார்க்கும் சோதனையில் உங்கள் கணக்கு இறங்கத் தொடங்கியது. குளிசை வேலை செய்யவில்லை என்று அர்த்தம். டொக்டர் நீலத்தோடு அதே மருந்தின் மண்ணிறக் குளிசை ஒன்றைச் சேர்த்தார். மறுபடியும் இறங்கியது, மறுபடியும் கூட்டினார். "ஒழுங்காகத்தான் கொடுக்கிறீர்களா?" என்று என்னிடம் கேட்டார். திரும்பி வரும்போது த்ரீவீலுக்குள் உங்கள் மகனும் கேட்டார்: "நீர் மறக்கிறேல்லைத்தானே?" மெதுவாகத்தான் கேட்டார். நான் காலி வீதிக் கடைகளின் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தேன்.

நீங்கள் குளிசையைத் துப்பிவிடுகிறீர்கள் என்று நான் முடிவு கட்டினேன். தலையணை உறைக்குள் கை விட்டுப் பார்த்தேன். பல்கனியில் துளசிச் சட்டியைக் கிளறினேன். வாயைத் திறக்கச் சொல்லக் கூச்சமாக இருந்ததால், "இன்னும் கொஞ்சம் தண்ணி குடியுங்கோ மாமி" என்பேன்.

"குடிச்சுப்போட்டன். நாக்கை நீட்டிக் காட்டட்டோ?" என்று நீட்டியும் காட்டினீர்கள்.

ஒருநாள் வேலையிலிருந்து வெள்ளனவே வந்தபோது வீடு முழுக்க அகத்தி மணம். "விரதம் பிள்ளை. பாறணைக்கு அகத்தி வேணும்" என்றீர்கள். பாறணை என்றால் விரதம் முடித்துச் சாப்பிடுவது என்பதைக் கலியாணம் முடித்து வந்துதான் அறிந்திருந்தேன். இன்றைக்கு என்ன விரதம் மாமி என்று, சைவ வீட்டில் பிறந்த எந்த மருமகளும் கேட்டிருப்பாள். உங்கள் தலையணைக்குள் கை விட்ட எனக்கு உங்கள் சாமி காரியத்துக்குள் கை விடத் துணிவு வரவில்லை. ஒருநாள் கீரைதானே என்று விட்டுவிட்டேன்.

பிறகு உங்கள் கைகளில் கண்டல் காயங்கள் தெரிந்தன. கத்தரிக்காய் நிறத்தில், விரல் பதிந்தது போல. உங்கள் மகன் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பிடிச்சு இழுத்தனீரோ?" என்று கேட்டார். எங்கள் கலியாண வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு கேள்வியை அவர் கேட்டதில்லை.

அடுத்த நாள் விடிய உங்களுக்கு மூக்கால் இரத்தம் வந்தது. துவாய் நனைந்தும் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர் காயங்களைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சிங்களத்தில் கேட்டார்: வீட்டில் எலி மருந்து வைத்திருக்கிறீர்களா? உங்கள் மகன் பக்கத்தில் வந்து நின்றார். இல்லை என்றேன். அந்த "இல்லை" எனக்கே பொய் போலக் கேட்டது.

இரத்தம் அளவுக்கு மிஞ்சி இளகியிருந்தது. மருந்தை முறிக்கிற ஊசி போட்டார்கள், மிகக் கொஞ்சமாக. கூடினால் வால்வில் இரத்தம் கட்டிவிடும் என்றார் டொக்டர். ஊசியில் என்ன இருக்கிறது என்று அவர் சொன்னதை நான் உங்களுக்குத் தமிழில் சொன்னேன்: "கீரையில இருக்கிற சத்துத்தானாம், மாமி."

மூக்கில் பஞ்சோடு கிடந்த உங்கள் முகம் அப்போது மலர்ந்ததை என்னால் மறக்க முடியாது.

"அப்ப நான் செய்தது சரி. அகத்தி மருந்தை முறிக்கும் எண்டு எங்கட ஆக்கள் சும்மா சொல்லேல்லை. நீர் பின்னேரம் தாற நஞ்சை அடுத்த நாள் மத்தியானம் முறிச்சுக்கொண்டுதானே இருந்தனான்."

டொக்டருக்கு அதில் பாதியைத்தான் சிங்களத்தில் சொன்னேன். தினமும் மத்தியானம் கீரை என்றேன். நஞ்சை விட்டுவிட்டேன். கீரையை எப்போது நிறுத்தினார் என்று கேட்டார். போன கிழமை என்றீர்கள். அவ்வளவுதான், எல்லாம் விளங்கிவிட்டது. கீரை முறிக்க முறிக்கக் குளிசை கூடியிருக்கிறது. கீரை நின்ற பிறகு, கூட்டிய குளிசையைத் தடுக்க உடம்பில் ஒன்றும் இல்லை.

"ஏன் மாமி நிப்பாட்டினீங்கள்?"

"உம்மை நம்பித்தான்."

எனக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது: மூன்றாம் மாடி அன்ரி போன கிழமைதான் கனடாவுக்கு மகளிடம் போனவ. கீரை வாங்கி ஆய்ந்து தந்தது அவதானா என்று நான் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று பின்னேரம் குளிசையோடு வந்தேன். நீங்கள் கையை நீட்டவில்லை.

"அவன் சொல்லமாட்டான். நீர் சொல்லும். இது எலிக்கு வைக்கிறதுதானே?"

"ஓம் மாமி. அதே மருந்துதான். கூடினா ரத்தம் போகும். குறைஞ்சா வால்வில கட்டும். கீரை இதை முறிக்கும்."

பிறகுதான் கையை நீட்டினீர்கள். "எலி பாவம். அதுக்கு அளந்து குடுக்க ஒருத்தரும் இல்லை" என்றுவிட்டு விழுங்கினீர்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரே அளவில் ஒரு சின்னக் கிண்ணம் கீரை சாப்பிடலாம், அதற்கு ஏற்றபடி குளிசையை வைப்போம் என்று கிளினிக்கில் ஏற்பாடானது. இரண்டையும் நான்தான் தந்தேன். கிண்ணத்தைச் சரித்துப் பார்ப்பீர்கள். "நேற்றையிலும் குறைவாக் கிடக்கு, பிள்ளை." கடைசியில் ஒரு நெஞ்சுச் சளிதான் உங்களைக் கொண்டுபோனது. செத்தவீட்டில் உங்கள் மகன், "அம்மா உம்மைத்தான் நம்பியிருந்தவ" என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரோ என்று அதையும் சந்தேகப்படுகிறேன்.

இப்போது அவருக்கும் பிரஷர் குளிசை வந்துவிட்டது. டிவியைப் பார்த்தபடியே கையை நீட்டுகிறார். மணந்து பார்க்கிற ஒருவரோடு அவ்வளவு காலம் இருந்துவிட்ட எனக்கு, அப்படிப் பாராமல் நீளும் கையைக் கண்டால் பயம் வருகிறது. குளிசையை என் கைக்குள் மூடிக்கொள்கிறேன்.

"என்னெண்டு கேளுங்கோ."

"நீர்தானே தாறீர்."

"அதுதான். கேளுங்கோ."