சாம்பலுக்கு ஒரு துணை

பறவைக் கூண்டுக்கு நீ தைத்துக் கொடுத்த உறையை இன்று துவைத்துக் காயப்போட்டேன். சோப்பு நுரைக்குள் கையை விட்டால் ஒவ்வொரு துண்டாக மேலே வருகிறது: ராமர் பச்சை, கத்திரிப்பூ, வாடாமல்லி, மாம்பழ மஞ்சள். எல்லாம் நம் பிளாக் பெண்களின் ஜாக்கெட் மிச்சம். எந்தத் துண்டு யாருடையது, அவள் ஏன் இரண்டு தடவை பிரித்துத் தைக்கச் சொன்னாள் என்று கதை சொல்லிக்கொண்டே நீ மிஷினை மிதிப்பாய். "போதும்டி ஊர் வம்பு" என்பேன், ஆனால் எழுந்து போக மாட்டேன். இப்போது அது கொடியில் சொட்டிக்கொண்டிருக்கிறது. பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் உள்ளே வந்து உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். செத்துப் போனவளுக்குக் கடிதமா என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள், எனக்கு வேறு ஆள் இல்லை.

அந்தக் கூண்டு யாருடையது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது. உன் வீட்டுக்காரர் ஒரு ஷிப்ட், என் வீட்டுக்காரர் ஒரு ஷிப்ட், இரண்டு பேருக்கும் நிலக்கரி மைன்ஸில் வேலை. நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் பகலில் தூங்க வேண்டும்; பறவைகளுக்குப் பகலில்தான் பேச்சு. உன் வீட்டில் நைட் என்றால் கூண்டு வேலி தாண்டி என் பின்கட்டுக்கு வரும். என் வீட்டில் நைட் என்றால் உன்னிடம் போகும். "இதுங்களுக்காச்சும் ரெண்டு வூடுக்கா. நமக்கு இருக்கறது ஒண்ணு, அதுவும் கம்பெனி வூடு" என்பாய்.

ஒரு வாரம் இரண்டு பேருக்கும் நைட் விழுந்துவிட்டது, ஞாபகம் இருக்கிறதா? கூண்டைத் தூக்கிக்கொண்டு, ஆள் இல்லாமல் கிடந்த தெருக்கோடி குவார்ட்டர்ஸ் வராந்தாவில் போய் உட்கார்ந்தோம். நான் காய் நறுக்க, நீ கொக்கி வைத்துத் தைக்க, பகல் முழுக்க அங்கேயே. இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷத்தில் அந்த வாரம்போல நான் எங்கேயும் நிம்மதியாக இருந்ததில்லை.

ஊரெல்லாம் லவ் பேர்ட்ஸ் என்றுதான் சொல்லும். பறவைக் கடைக்காரர் மட்டும் பட்ஜிஸ் என்று திருத்திவிட்டு லுட்டினோ, ஓப்பலின், ஸ்பேங்கிள், பைட் என்று ரகங்களை அடுக்குவார். நீ அதையெல்லாம் கேட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் உன் பெயரை வைத்துவிடுவாய். சிவப்புக் கண்ணும் உடம்பெல்லாம் மஞ்சளுமாக இருந்தால் மாம்பழ மஞ்சள். இறக்கையின் ஒவ்வொரு சிறகிலும் ஓரத்தில் மட்டும் மெல்லிய கறுப்புக் கோடு ஓடினால் "ஓரம் அடிச்சது". பச்சையில் திட்டுத்திட்டாக மஞ்சள் விழுந்திருந்தால் "ஒட்டுப் போட்டது". முதுகில் வரி மங்கி உடம்பின் நிறமே தெரிந்தால் "முதுகு துவைச்சது". நீலத்தில் மட்டும் மூன்று சொல்வாய். நான் எல்லாம் ஒரே நீலம்தானே என்றால் உனக்கு வரும் கோபம்! "ரெண்டும் ஒண்ணா? கண்ணத் தொறந்து பாருக்கா. இத்த அத்தோட வெச்சி தெச்சா ஜாக்கெட்டு பல்ல இளிக்கும்."

எனக்கு அந்தக் கண் கிடையாது. ஆனால் கோவில்பட்டிச் சந்தையில் கத்திரிக்காய் பொறுக்கி வளர்ந்த கை என்னுடையது, சொத்தை எதுவும் என்னைத் தாண்டிப் போகாது. கண் பளிச்சென்று இருக்கிறதா, மூக்குத் துளை காய்ந்து சுத்தமாக இருக்கிறதா, பின்பக்கம் எச்சம் ஒட்டியிருக்கிறதா, விரலைக் கொடுத்தால் இறுக்கிப் பிடிக்கிறதா என்று பார்ப்பேன். நட்டநடுப் பகலில் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலோ, மூச்சுக்கு மூச்சு வால் ஆடினாலோ வேண்டவே வேண்டாம். நெற்றி வரி மூக்குவரை இறங்கி, கண்ணில் வெள்ளை வளையம் விழாமல் முழுக்கறுப்பாக இருந்தால்தான் குஞ்சு. மாம்பழ மஞ்சளில் வரியே தெரியாது, வயதை மறைத்துவிடும். அதனால் நீ எவ்வளவு கெஞ்சினாலும் அதை நான் வாங்க விடவில்லை.

இப்படிப்பட்ட கெட்டிக்காரிகள் இரண்டு பேரும் சேர்ந்து பக்கத்து ஊர் வடக்குத்தில் ஏமாந்தோமே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஒரு வீட்டுக் கொட்டகையில் சாம்பல் நிறத்தில் ஒரு ஆண் குஞ்சு. "க்ரே கலருக்கா! இது கெடைக்கவே கெடைக்காது" என்று என் கையைக் கிள்ளினாய். நான் கண், மூக்கு, பிடி எல்லாம் பார்த்துச் சரி என்றேன். கையிலெடுத்துப் பார்த்ததில் விரல் கறுத்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டேன். இந்த ஊரில் எதைத் தொட்டாலும் விரல் அப்படித்தான் ஆகும் என்பதால் நம் இருவருக்கும் சந்தேகமே வரவில்லை. வீட்டில் ஈரக் கீரைக்கட்டை உள்ளே வைத்தோம். அது கீரையில் விழுந்து புரண்டு புரண்டு குளித்தது. குளித்து எழுந்தால் வயிறு ஆகாய நீலம்! நீ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய். "நம்ம ஊரு சாம்பலையே காசு குடுத்து வாங்கிகினு வந்துட்டமேக்கா!" என் வீட்டுக்காரர் தூக்கம் கலைந்து வந்து நம்மைப் பார்த்துவிட்டு ஒன்றும் புரியாமல் திரும்பிப் போனார். அதற்குச் சாம்பல் என்றே பெயர் வைத்தோம். ஏற்கெனவே இருந்த பச்சைப் பெட்டை அதற்கு ஜோடியானது.

பிறகு நீ காய்ச்சல் என்று படுத்தாய். கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போனாய், வரவில்லை. அவ்வளவுதான், அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை. உன் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகிக் காடாம்புலியூரில் மகனோடு இருக்கப் போய்விட்டார். போகும் அன்று கூண்டை வேலிக்கு மேலே நீட்டினார். "நீங்களே வெச்சிக்குங்க" என்று கூண்டைப் பார்த்துத்தான் சொன்னார். நானும் கூண்டைப் பார்த்தே தலையாட்டினேன்.

இந்த ஆடியில் பச்சைப் பெட்டை செத்துப் போயிற்று. வயசுதான். சாம்பல் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் கதவைத் திறந்துவிட்டதும் பறந்து வந்து என் தோளில் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. என் வீட்டுக்காரர் இப்போது ஜெனரல் ஷிப்ட். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார். பிள்ளைகள் வெளியூரில். நான் காய் நறுக்கினாலும் துணி மடித்தாலும் சாம்பல் தோளில் இருந்து காதோரம் எதையாவது முணுமுணுத்துக்கொண்டிருக்கும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பெட்டை போனது எனக்கு ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று.

ஆனால் ஒருநாள் அது எவர்சில்வர் டம்ளர் முன்னால் நின்றுகொண்டிருந்தது. உள்ளே தெரிந்த தன் உருவத்துக்குத் தலையை ஆட்டி ஆட்டித் தொண்டையிலிருந்து தினையைக் கக்கி ஊட்டிக்கொண்டிருந்தது. டம்ளரெல்லாம் ஈரத் தினை. நான் டம்ளரை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தேன். அடுத்த டம்ளருக்குப் போயிற்று. இன்னொரு குஞ்சு வாங்கி வரவா என்று அவரிடம் கேட்டேன். "நல்லாத்தான இருக்கு? ஒன்கிட்ட ஒட்டிக்கிட்டு கெடக்கு. எதுக்கு இன்னொண்ணு?" என்றார். துணை வந்துவிட்டால் அது என் தோளுக்கு வராது என்று அவருக்கும் தெரியும்.

ஆனாலும் செருப்புப் பெட்டியில் ஓட்டை போட்டுக்கொண்டு குள்ளஞ்சாவடிக்குப் பஸ் ஏறினேன். மாடியில் பறவை வளர்க்கும் ஒருவர் அங்கே இருக்கிறார். வரிசையாகக் கூண்டுகளைக் காட்டினார். முதல் கூண்டிலேயே ஒன்று. கத்திரிப்பூ நிறம். நம் கூண்டில் எந்தப் பறவைக்கும் இருந்திராத நிறம். நீ பார்த்திருந்தால் அந்த இடத்தை விட்டு நகர்ந்திருக்க மாட்டாய். "சூப்பர் கலருங்கம்மா. யாருகிட்டயும் கெடைக்காது" என்றார். நான் கிட்டே போனேன். உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வால் ஏறி இறங்கியது. பின்பக்கம் எச்சம் ஒட்டியிருந்தது.

இதை உன்னிடம்தான் சொல்ல முடியும். அதையே எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பார்க்க அழகு, உனக்குப் பிடித்த நிறம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ரொம்ப நாள் தாங்காது. சாம்பல் திரும்ப என்னிடமே வந்துவிடும். கையில் பெட்டியை வைத்துக்கொண்டு அந்தக் கூண்டின் முன்னால் அப்படி ஒரு நினைப்போடு நின்றேனடி. பிறகு என்மேல் எனக்கே சீ என்று வந்தது.

"இத மொதல்ல மத்ததுங்ககிட்டேருந்து பிரிச்சி வைங்க, ஒடம்பு சரியில்ல" என்று அவரிடம் சொல்லிவிட்டு, கடைசிக் கூண்டுவரை போய்த் தேடினேன். ஒரு பெட்டைக் குஞ்சு. மூக்கு வரைக்கும் வரி, மிளகு மாதிரிக் கண், விரலைக் கொடுத்ததும் கடித்தது. "இது சாதா பச்சைதாங்க" என்றார். "சாதா இல்ல. எறக்கையப் பாருங்க, ஓரம் அடிச்சது" என்றேன். அவருக்குப் புரியவில்லை. நான் பெட்டியைத் திறந்து நீட்டினேன்.

புதுசைச் சில வாரம் வேறு அறையில் வைத்துப் பார்த்தேன். அது அங்கிருந்து கத்தும், சாம்பல் என் தோளிலிருந்து பதில் கொடுக்கும், என் காது கிழியும். நோய் எதுவும் இல்லை என்று தெரிந்ததும் இரண்டையும் சேர்த்துவிட்டேன். நேற்று மதியம் கூண்டைத் திறந்துவிட்டு அவரைக்காயோடு உட்கார்ந்தேன். சாம்பல் கூண்டு வாசல்வரை வந்து, தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. உள்ளே இருந்து புதியவள் ஒரு குரல் கொடுத்தாள். திரும்பிப் போய்விட்டது. நல்ல குஞ்சாகத்தான் பார்த்து வாங்கியிருக்கிறேன், எதிலும் குறையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே அழுதேன். நீ போன அன்று வந்தவர்களுக்குக் காபி போட்டுக்கொடுத்தே பொழுது போயிற்று, அன்றைக்கு அழாததையும் சேர்த்து அழுதேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், ஜன்னல் வெயிலில் இரண்டும் ஒட்டி உட்கார்ந்திருந்தன. தோளில் இருந்தவரை சாம்பலை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. அது ஒரு நீலம் இல்லையடி. மார்பில் ஆகாயம், வால் ராமர் நீலம், கன்னத்தில் சின்னதாகக் கத்திரிப்பூ. பெயரெல்லாம் உன் குரலில் தானாக வருகிறது. பஸ்ஸில் வரும்போது முன்சீட்டுக்காரியின் புடவைக்கும் ஜாக்கெட்டுக்கும் ஒட்டவில்லை என்று மனம் அடித்துக்கொள்கிறது. நீ வருவதற்கு முன் எனக்குப் பச்சை, நீலம், மஞ்சள் மூன்றும் போதுமாக இருந்தன. உன் கண்ணை என்னிடம் விட்டுவிட்டுப் போய்விட்டாய். இத்தனை நிறத்தை வைத்துக்கொண்டு நான் ஒருத்தி என்ன செய்வேன், சொல்.