சுரேனின் புரோகிராமை நிறுத்திய நாள்

ஜூன் 9, திங்கள்
விடியலிலிருந்து மழை. மஹய்யாவ பஸ்ஸில் பல்கலைக்கழகம் வரை நின்றே பயணம். செய்ய வேண்டியவை: சேர்வர் அறை ஏசியில் கசிவு. பழைய பாஸ்வேர்டுகள். ஒருவர் இத்தனை புரோகிராம்தான் ஓட்டலாம் என்ற வரம்பு. நாற்பது பேருக்கு ஒரே சேர்வர், அதைப் பார்த்துக்கொள்ள நான் ஒருத்தி. பேராசிரியர் மறுபடியும் வரம்பு வேண்டாம் என்றார். ஆராய்ச்சி செய்பவர்களைக் கட்டிப்போடக் கூடாதாம்.

ஜூன் 10, செவ்வாய்
மழை வலுத்தது. பத்து மணிக்கு சேர்வர் உறைந்தது. ஆய்வு மாணவன் சுரேனின் புதுப் புரோகிராம் தன்னைத்தானே பிரதி எடுத்தபடி. ஒவ்வொரு பிரதியிலிருந்தும் இன்னும் இரண்டு. ஏற்கெனவே திறந்திருந்த என் திரை மட்டும் மெல்ல அசைந்தது. மண்சரிவுப் பிரிவு நஸீரா ஓடி வந்தாள்.

"அக்கா, தெல்தோட்டை தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு மேல உள்ள சரிவுட கணக்கு. பன்னண்டுக்குக் குடுக்கோணும். ஆக்கள வெளியேத்துறதா இல்லையான்னு அதுக்குத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க."

சுரேனுக்கு மூன்று அழைப்பு. எடுக்கவில்லை. ஒரு பிரதியைக் கொன்றால் இரண்டு முளைத்தது. எல்லாவற்றையும் முதலில் அசையாமல் நிறுத்தி, பிறகு அவன் பெயரில் இருந்த அனைத்தையும் ஒரே கட்டளையில் அழித்தேன். பட்டியலைப் பார்க்கவில்லை. பத்தொன்பது நாளாக ஓடிய அவனுடைய நல்ல புரோகிராமும் அதோடு போனது.

பதினொன்றரைக்கு வந்தான். கதிரையால் கண்ணாடிக் கதவை உடைத்தான்.

"என் பத்தொன்பது நாள் எங்க?"

என் முடியைப் பிடித்து சேர்வர் அடுக்கின் இரும்புச் சட்டத்தில் மோதினான். இரண்டு தரம். மூன்றாவதற்குள் அவன் கையைக் கடித்தேன். நான் விடவில்லை. வாயெல்லாம் அவன் இரத்தம். நஸீரா கீபோர்டால் அவன் முதுகில் அடித்துக்கொண்டே இருந்தாள். காவலாளிகள் இழுத்துப் போனார்கள்.

கணக்கு இருபது நிமிடம் தாமதமாகப் போனது.

ஜூன் 11, புதன்
புருவத்தில் ஏழு தையல். ஒரு பல் ஆட்டம். அண்ணன்: "அவன் கைய ஒடச்சிட்டு வாறேன், நீ பேசாம இரு." கதவை மறித்து நின்றேன். கண்ணை மூடினால் நானும் அவனை அடிக்கிறேன்.

நஸீராவின் அழைப்பு. லயத்து ஆட்கள் நேற்றே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். காலையில் சரிவு இறங்கியதில் இரண்டு வீடு மண்ணுக்குள். உள்ளே ஒருவரும் இல்லை. அழுதேன்.

ஜூன் 12, வியாழன்
வரம்புக் கடிதத்தில் பேராசிரியர் கையெழுத்து. என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருவருக்கு இருநூறு புரோகிராம், மெமரியில் கால்பங்கு. சுரேனின் அதே புரோகிராமை என் பெயரில் ஓட்டினேன். இருநூறில் நின்றது. மற்றவர்களுக்குத் தெரியவே இல்லை.

மாலை பொலிஸ். அவன் அடித்ததைச் சொன்னேன். பட்டியலைப் பார்க்காமல் அவன் வேலையை அழித்ததையும். எழுதியவர் பேனாவை நிறுத்தினார்.

"அது கேஸுக்குத் தேவையில்ல மிஸ். ஒங்களுக்குத்தான் பாதகம்."

"எழுதுங்க சேர்."

எழுதினார். கையெழுத்துப் போட்டேன்.