பச்சையாகவே அடுக்கிடு

மார்ச் 4, புதன்

இடது மணிக்கட்டில் மறுபடியும் ஓவன் கதவு பட்டுச் சுட்டுவிட்டது. பழைய தழும்புக்குப் பக்கத்திலேயே, துணைக்கு ஆள் கேட்ட மாதிரி.

இன்று கேன்டீனில் ஒரே கூத்து. எங்கள் மேற்பார்வையாளர் மேடம் ஆர்டர் போடும்போது ஒரு சைபரைக் கூடுதலாகத் தட்டிவிட்டார். நான்கு மூட்டை வரவேண்டிய இடத்தில் நாற்பது மூட்டை உருளைக்கிழங்கு. பின்வாசலில் ஆள் நடக்க வழியில்லை. இந்த ஆஸ்பத்திரி ஊழியர்கள் அத்தனை பேரும் மாதம் முழுக்கத் தின்றாலும் தீராது. மேடம் என் காதருகே வந்து, "எப்படியாவது தீர்த்துடுங்க, மேலிடத்துக்குத் தெரிய வேணாம்" என்றார். அவர் போய்ப் பத்து நிமிஷமாகியும் சென்ட் வாசனை போகவில்லை.

வேக வை, மசி, வறு — எத்தனை நாள்? நேற்று மிஞ்சிய ரொட்டி விளிம்புகள் ஒரு கூடை கிடந்தன. அலமாரியில் சீஸ் கட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. சுருட்டையைக் கூப்பிட்டேன். புதிதாகச் சேர்ந்தவள், தற்காலிகம். தலையில் வலை போட்டாலும் முடி நான்கு பக்கமும் எட்டிப் பார்க்கும். அவள் தோலுரித்து முக்கால் வேக்காடாக வேக வைத்துக் கொடுத்தாள். நான் வட்டமாக நறுக்கி ட்ரேயில் அடுக்கினேன். வெண்ணெயில் மாவை வறுத்துப் பால் ஊற்றிக் கெட்டியாக்கி, அடுப்பை அணைத்துவிட்டுச் சீஸைப் போட்டுக் கிளறி மேலே ஊற்றினேன். ரொட்டியைத் தூளாக்கி, பூண்டு போட்ட வெண்ணெயில் புரட்டித் தூவி ஓவனுக்குள் தள்ளினேன். அரை மணி நேரம்.

ஆறு ட்ரே. ஒரு மணிக்கெல்லாம் சுரண்டல் சத்தம்தான் கேட்டது. எக்ஸ்ரே பிரிவு ஆட்கள் மூலையில் ஒட்டிய மொறுமொறுப்புக்குச் சண்டையே போட்டார்கள். அவர்களில் ஒருவர்கூட இதுவரை என் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. இன்று பார்த்தார்கள்.

மார்ச் 11, புதன்

பன்னிரண்டு ட்ரே. போதவில்லை. புதன்கிழமை என்றால் இதுதான் என்று ஆகிவிட்டது.

மேடம் மூன்று துண்டு சாப்பிட்டார். "எப்படிப் பண்றீங்க இதை?" என்று கேட்டார். சொன்னேன். ஏன் சொல்லக்கூடாது? பதினொரு வருஷத்தில் ஒருத்தர் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

மார்ச் 26, வியாழன்

அறிவிப்புப் பலகையில் கேன்டீனை நடத்தும் கம்பெனியின் மாதப் பத்திரிகை. எல்லாக் கேன்டீன்களுக்கும் போவது. நடுப்பக்கத்தில் மேடம் சிரிக்கிறார், கையில் கரண்டி. "வீணாகாமல் ஒரு விருந்து — எங்கள் மேற்பார்வையாளரின் கண்டுபிடிப்பு." முன்னால் ட்ரே. ட்ரேயைத் தாங்கும் இரண்டு கைகள், மணிக்கட்டோடு வெட்டியிருக்கிறது. இடது மணிக்கட்டில் இரண்டு தழும்பு.

நல்ல வேளை, கையையாவது போட்டார்கள்.

நாற்பது மூட்டை எப்படி வந்தது என்று அதில் ஒரு வரி இல்லை.

மார்ச் 27, வெள்ளி

கேட்டேவிட்டேன். மேடம் அறையில் நாற்காலி இருந்தும் உட்காரச் சொல்லவில்லை.

"நீங்க வேற நான் வேறயா? நாமெல்லாம் ஒரே டீம்தானே" என்றார்.

"டீம்னு அதுல போடலியே மேடம்."

"அய்யோ, அவங்க எழுதினது, நான் என்ன பண்ணட்டும்? சின்ன விஷயத்தை மனசுல வச்சுக்காதீங்க."

சின்ன விஷயம். அப்படியென்றால் நீயே விட்டுக் கொடுத்திருக்கலாமே? இதை வாசலுக்கு வந்த பிறகுதான் நினைத்தேன். எனக்கு எப்போதும் பதில் வாசலுக்கு வந்த பிறகுதான் வரும்.

வீட்டில் சொன்னேன். இவர் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்த அலுப்பில் சாக்ஸைக் கழற்றிக்கொண்டே, "உருளைக்கிழங்குதானே, விடு" என்றார். முப்பது பேர் தொங்கிக்கொண்டு வரும் பஸ்ஸை ஓட்டுகிறவருக்கு எல்லாமே "விடு"தான்.

ஏப்ரல் 3, வெள்ளி

புதுக் கிளை திறக்கிறார்களாம், மூன்று மடங்கு பெரிய சமையலறை. பொறுப்பாளரைத் தேர்ந்தெடுக்க அடுத்த வியாழன் தலைமை அலுவலகத்தில் ஒவ்வொரு மேற்பார்வையாளரும் ஒரு பதார்த்தம் செய்துகாட்ட வேண்டும். மேடம் எதைச் செய்யப் போகிறார் என்று எழுத வேண்டுமா?

உதவிக்குச் சுருட்டையை அழைத்துப் போகிறார். "நீங்களும் வந்துட்டா இங்க யாரு பாத்துப்பா?" என்று என் தோளைத் தட்டினார். தட்டின இடத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்போல இருந்தது.

சுருட்டை திகைத்துப்போய் நிற்கிறாள். நன்றாக முடிந்தால் நிரந்தரமாக்குவதாக மேடம் சொன்னாராம். "எனக்குப் பயமா இருக்குக்கா. நீங்க வரக்கூடாதா?" வீட்டில் கண் தெரியாத அம்மா. இந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு பிடிமானம் இல்லை.

"போயிட்டு வா" என்றேன். அவள்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. இதை இங்கே எழுதி வைக்கிறேன். அவள்மேல் எனக்கு ஒன்றுமே இல்லை.

ஏப்ரல் 9, வியாழன்

ஒன்பதரைக்குப் போன். சுருட்டை. மூச்சு வாங்கினாள்.

"அக்கா, மேடம் எழுதி வச்சிருக்கறதுல பாதிகூட இல்லக்கா. உருளைக்கிழங்கு, சீஸ், ஓவன்னு மட்டும் இருக்கு. என்னையே பண்ணச் சொல்லிட்டாங்க. அவங்க பேச மட்டும்தான் போறாங்களாம். முதல்லேருந்து சொல்லுங்க."

பின்னால் மேடத்தின் குரல். "கேளு, கேளு, எல்லாத்தையும் கேட்டுக்கோ. சீக்கிரம்."

அந்தக் "கேட்டுக்கோ"தான். ஏதோ குழாயைத் திறந்தால் நான் கொட்டுவேன் என்பதுபோல.

சாஸைச் சரியாகச் சொன்னேன். ரொட்டித் தூளைச் சரியாகச் சொன்னேன். பிறகு என் வாய் சொன்னது: "உருளைக்கிழங்கை வேக வைக்காத. பச்சையாவே நறுக்கி அடுக்கிடு."

"வேக வைக்க வேணாமா? நாம வேக வைப்போமேக்கா?"

"அங்க ஓவன் பெருசு, சூடு ஜாஸ்தி. வேக வச்சா குழைஞ்சு போயிடும். அரை மணி நேரம் போதும்."

"சரிக்கா. நல்ல வேளை கேட்டேன்."

போனை வைத்துவிட்டுச் சூப்புக்கு உப்புப் போட்டேன். அளவு தப்பவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம். மத்தியானம் முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அடுக்குவாள். இப்போது உள்ளே போகும். இப்போது வெளியே எடுப்பார்கள் — மேலே பொன்னிறமாக, யாருக்கும் எதுவும் தெரியாமல்.

சந்தோஷமாக இருந்தது. பொய் எழுதுவானேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 10, வெள்ளி

மேடம் வரவில்லை. சுருட்டையும் வரவில்லை.

பாத்திரம் கழுவுகிற இடத்தில் அதே பேச்சு. பெரிய மேனேஜர் முதல் வாய் வைத்ததும் "கடக்"கென்று சத்தம் கேட்டதாம். துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கைக்குட்டையைத் தேடினாராம். மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லையாம். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.

ஏப்ரல் 13, திங்கள்

மேடம் வந்துவிட்டார். அதே சென்ட்.

சுருட்டை வரமாட்டாள். "உதவிக்கு வந்த பொண்ணு சொன்னதைக் கேக்காம சொதப்பிட்டா" என்று அங்கேயே எல்லார் முன்னாலும் சொன்னாராம். அன்று சாயங்காலமே அவளை நிறுத்திவிட்டார்கள். மேடத்துக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுப்பார்களாம்.

அவள் அலமாரியைக் காலி பண்ணச் சொன்னார்கள். ஒரு சீப்பு. இரண்டு தலைவலை. ஒரு நோட்டு. உள்ளே நான் சொல்லிக் கொடுத்ததெல்லாம் தேதி போட்டு — "அக்கா சொன்னது: வெங்காயம் நறுக்கும்போது வாயால மூச்சு விடணும்."

என்ன செய்துவிட்டேன்? மேடத்தைத்தானே — நான் மேடத்தைத்தானே நினைச்சேன். அவ கையால செய்யப் போறான்னு எனக்குத் தெரியும். போன்லயே சொன்னாளே. தெரிஞ்சுதானே சொன்னேன்?

ஏப்ரல் 15, புதன்

பன்னிரண்டு ட்ரே. தட்டை நீட்டுகிறவர்கள் எல்லாரும் சிரித்த முகம்.

ஏப்ரல் 17, வெள்ளி

இவரிடம் சொன்னேன், போனில் நான் சொன்னதையும் சேர்த்து. இந்தத் தடவை "விடு" என்று சொல்லவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு என்ன பண்ணா உனக்கு?" என்றார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஏப்ரல் 19, ஞாயிறு

சீப்பையும் நோட்டையும் கொடுக்கிற சாக்கில் அவள் வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. ஒரே அறை. கட்டிலில் அம்மா. சத்தம் வந்த பக்கம் திரும்பி, "யாரும்மா?" என்றார். "கேன்டீன் அக்காம்மா" என்றாள் சுருட்டை. "அப்படியா, உங்களைப் பத்தித்தான் எப்பவும் பேசுவா, உக்காருங்க" என்றார் அந்த அம்மாள். உட்கார்ந்தேன். எப்படி உட்கார்ந்தேனோ.

சுருட்டை என்னை மாடிப்படிக்குக் கூட்டிப்போனாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டாங்க. நானே பண்ணிட்டேன்னு சொல்லிட்டேன். உங்க பேர் வந்தா உங்க வேலையும் போயிருக்கும்."

"நான் வேணும்னேதான் சொன்னேன்" என்றேன். சொல்லிவிட்டேன். குரல் யாருடையதோ போல இருந்தது.

"தெரியும்."

"எப்ப?"

"அந்த ஓவன் நம்ம ஓவனைவிடச் சின்னது. பார்த்ததும் தெரிஞ்சுது. இருந்தாலும் அக்கா சொல்றாங்கன்னா ஏதாவது இருக்கும்னு பச்சையாவே வச்சேன்." கைப்பிடிச் சுவரில் பெயர்ந்திருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். "அவங்க மேல கோவம்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமே. ரெண்டு பேருமாச் சேர்ந்து கெடுத்திருக்கலாம். ட்ரேயைக் கீழ போட்டிருப்பேன். காரணம் தெரிஞ்சாவது வேலையை விட்டிருப்பேன்."

அழுதால் நன்றாக இருந்திருக்கும். அழவில்லை. "அம்மாவுக்கு மாத்திரை நேரம்" என்று உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 20, திங்கள்

தலைமை அலுவலகத்துக்குப் போனேன். பெரிய மேனேஜர் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பது மூட்டை, பத்திரிகை, போன், பச்சை உருளைக்கிழங்கு. சுருட்டையைத் திரும்ப எடுங்கள், என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்றேன்.

அவர் பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். "மூட்டை விஷயம் இப்ப எதுக்கு?" என்றார். மற்றதை மட்டும் எழுதிக்கொண்டார்.

ஏப்ரல் 30, வியாழன்

முடிவு வந்துவிட்டது. சதி நடந்திருப்பதால் அன்றைய செய்முறை கணக்கில் சேராதாம். இத்தனை இடைஞ்சலிலும் நிதானம் தவறாமல் நடந்துகொண்டதற்காக மேடத்துக்கே புதுக் கிளை.

இரண்டு தடவை படித்தேன். நிதானம் தவறாமல்!

மேடத்தின் மூக்கை உடைக்கப் போய், கடைசியில் நானே அவரைத் தூக்கிக் கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறேன். இதற்குப் பேசாமலே இருந்திருக்கலாம். இல்லை. இருந்திருக்க முடியாது.

சுருட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். புதுக் கிளையில், மேடத்துக்குக் கீழே, நிரந்தரமாக. நான் இனிமேல் பாத்திரம் கழுவும் பக்கம்.

போகும்போது மேடம் என்னிடம் வந்து நின்றார். "உங்க மேல எனக்குக் கோவமே இல்ல" என்றார். அவரைவிடப் பெரிய மனசு யாருக்கு வரும்! நான் ட்ரேயைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை.

மே 13, புதன்

புதிதாக வந்த சமையல்காரர் என் இடத்தில் நின்று அதைச் செய்கிறார். சாஸில் சீஸைக் கொதிக்கவிடுகிறார். எண்ணெய் பிரிந்து வருகிறது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ட்ரேக்கள் என்னிடம் பாதி நிறைந்தபடியே வருகின்றன.

மே 22, வெள்ளி

கைவிரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்துவிட்டது. இவர் எங்கிருந்தோ ரப்பர் கையுறை வாங்கிவந்து மேஜையில் வைத்தார்.

மே 31, ஞாயிறு

வீட்டில் செய்தேன். இதுவரை வீட்டில் செய்ததே இல்லை என்று அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் உறைத்தது. இவருக்கு ஒரு துண்டு வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "இதுக்கா இவ்வளவும்?" என்றார். "ஆமா" என்றேன். இன்னொரு துண்டு போட்டுக்கொண்டார்.

மீதியை டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு சுருட்டை வீட்டுக்குப் போனேன். இத்தனை நாளில் அவள் போனை எடுக்கவே இல்லை. கதவைத் திறந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்கு மத்தியான வேலையாம், சீருடையில் இருந்தாள். புது இடத்தில் தலைவலை பெரியது போலிருக்கிறது, ஒரு முடிகூட வெளியே தெரியவில்லை. உள்ளே கூப்பிடுவாளோ மாட்டாளோ என்று டப்பாவை நீட்டிக்கொண்டே நின்றேன்.

"அம்மா, அக்கா வந்திருக்காங்க" என்று உள்ளே குரல் கொடுத்தாள். நாற்காலியைக் காட்டினாள். ஒரு தட்டில் அம்மாவுக்கு எடுத்து வைத்தாள். இன்னொரு தட்டில் தனக்கு.

அம்மாவுக்கு ஊட்டப்போனவள் கையை இழுத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை. கோபமாகவும் இல்லை, கதவைப் பூட்டினோமா என்று பார்க்கிற மாதிரி சாதாரணமாக, ஸ்பூன் முனையால் உருளைக்கிழங்கை ஒரு தரம் குத்திப் பார்த்தாள்.

இறங்கியது. அதற்குப் பிறகுதான் ஊட்டினாள்.