நூறாவது காகித ஆடு

எஸ்பியர்க், டென்மார்க்

அன்புள்ள அப்பாவுக்கு மர்யுனின் ஸ்தோத்திரம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் சுகம்தான்.

ஆலயத்தில் நான் நடத்தும் ஓய்வுநாள் பள்ளியில், காணாமற்போன ஓர் ஆட்டுக்காகத் தொண்ணூற்றொன்பதை விட்டுப்போன மேய்ப்பனின் உவமைக்காகக் காகிதத்தில் நூறு ஆடு வெட்டினோம். ஒன்றை ஒளித்துவைத்துப் பிள்ளைகளைத் தேடச் சொன்னேன். ஐந்து வயது ஆஸ்தா தேடிக்கொண்டே வெளியே போய்விட்டாள். வெளியே துறைமுகம். மற்ற பன்னிரண்டு பேரையும் விட்டுவிட்டு ஓடினேன். படகுத்துறை விளிம்பில் குனிந்து நின்றவள், "டீச்சர், தண்ணிக்குள்ளயும் இல்ல" என்றாள்.

தூக்கிக்கொண்டு திரும்பினால் வாசலில் ஆலயப் பணியாளர். "ஏம்மா, ஒண்ணுக்காக மத்த பன்னெண்டையும் கத்தரிக்கோலோட விட்டுட்டுப் போவியா?"

காகித ஆடுகள்மேல் ஒட்ட நம் ஆட்டு ரோமம் கொஞ்சம் அனுப்புங்கள். இங்கத்துப் பஞ்சு ஒட்டமாட்டேன் என்கிறது. அவசரமாக முடிக்கிறேன். நீங்கள் மலையில் ஒன்றைத் தேடிப் போனால் மற்றவற்றைப் பார்த்துக்கொள்ள அம்மா இருந்தாள். இங்கே நான் ஒருத்திதான், அப்பா.

மர்யுன்