பூக்கிரீடம் இல்லாவிட்டாலும்

அன்பு மகள் வியோரிகாவுக்கு,

அப்பா கவ்ரிலா, என் கையாலேயே எழுதுகிறேன். பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் நிக்கு எட்டிப் பார்த்து, "அண்ணே, உங்க எழுத்தெல்லாம் குடிச்சிட்டு வீட்டுக்குப் போற மாதிரில்ல இருக்கு" என்றான். எனக்குச் சந்தோஷம்தான். அது எழுத்துதான் என்றாவது ஒப்புக்கொண்டானே.

இதுவரை நான் சொல்லச் சொல்ல உன் மகள் இலிங்காதான் எழுதினாள். இதை அவளிடம் சொல்ல முடியாது. போனிலும் முடியாது, நீ கூப்பிட்டால் என் தோளோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள்.

காலையில் பள்ளிக்கூடப் பையை எடுத்ததும் பிள்ளைக்கு வயிறு வலிக்கிறது. டாக்டர் அழுத்திப் பார்த்து, ஒன்றுமில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை வலிப்பதில்லை. காதுக்கு மேலே முடியைப் பிடுங்கிக்கொள்கிறாள். தலைக்குட்டையால் மறைக்கிறாள்.

வியாழக்கிழமை அவள் வகுப்புக்கு வரவில்லை என்று டீச்சர் ஆள் அனுப்பினார். கிணற்றுக்குள்ளும் எட்டிப் பார்த்தேன், வியோரிகா. கடைசியில் மக்காச்சோளக் கொட்டகையில், கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் கரும்பலகையில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டாளாம். "முதல் பரிசு எங்க கிளாஸ் தோயினாவுக்குத்தான் தாத்தா. பூக்கிரீடமும் அவ தலையிலதான். அம்மா வரமாட்டாங்க" என்றாள்.

ஈஸ்டரன்று நீ போனில் சொன்னாயே, முதல் பரிசுக்காரிக்குச் சூட்டும் கிரீடத்தை வாங்கு, அம்மா ஓடி வந்து பார்க்கிறேன் என்று. ஆசையாகத்தான் சொன்னாய். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். கிரீடம் இல்லாவிட்டாலும் அம்மா வருவாள் என்றேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்? அம்மா அப்படிச் சொல்லலையே" என்றாள்.

அந்த நாட்டில் நீ வேலைக்கிருந்து பார்த்துக்கொள்ளும் வயதான அம்மாள் எழுந்து நடக்கிறாரா? அவர் பிள்ளைகள் உனக்கு ஒரு வாரம் லீவு தருவார்களா? இங்கே நல்ல மழை. திராட்சைக்கொடி தழைத்திருக்கிறது.

பரிசு விழா ஜூன் நடுவில். வர முடிந்தால் வா. முடியாவிட்டால், இதைப் படித்தவுடனே கூப்பிட்டு, கிரீடத்துக்கும் நீ வருவதற்கும் சம்பந்தமில்லை என்று நீயே அவளிடம் சொல். நான் சொன்னால் நம்ப மாட்டாள்.

என் தலையில் எந்தக் கிரீடமும் ஏறியதில்லை. ஆனாலும் என் அம்மா தினமும் பொழுது சாய்ந்ததும் வயலிலிருந்து வீட்டுக்கு வந்துவிடுவாள்.

வழியெல்லாம் கடவுள் உனக்குத் துணையிருக்கட்டும்.

உன் அப்பா,
கவ்ரிலா