நான் தாண்டிப் போன சொல்

நீ இறந்த பிறகு என் கைக்கு வந்த உன் வேதாகமத்தைத் திறந்தால் இன்னமும் வார்னிஷ் வாடைதான் முதலில் வருகிறது. ராஜபாளையத்துக் கடையில் மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டி, வார்னிஷ் பூசிவிட்டு, கையைச் சரியாகத் துடைக்காமல் பக்கம் புரட்டுகிற ஆள் நீ. பிறந்ததிலிருந்து நடக்க முடியாமல் ஆலய வாசலில் கிடந்தவன் எழுந்து நடக்கும் அதிகாரத்தில் உன் கட்டைவிரல் ரேகை அப்படியே இருக்கிறது. வருகிற ஞாயிறு மம்சாபுரம் சபையில் அந்தப் பாடத்தை நான்தான் வாசிக்க வேண்டும்.

முன்பும் ஒருமுறை அது என் முறைக்கு வந்தது. காலில் இரும்புப் பட்டை மாட்டி, ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு முன் பெஞ்சில் நீ உட்கார்ந்திருந்தாய். 'சப்பாணி' என்ற சொல் வந்ததும் எனக்கு நாக்கு எழவில்லை. 'ஒரு மனுஷன்' என்று மட்டும் வாசித்துத் தாண்டிவிட்டேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

ஆராதனை முடிந்ததும் வாசலில் பிடித்துக்கொண்டாய். "ஏலே, என்னைய ஏம்ல தாண்டிப் போன? அந்தப் பாடத்துல வர்ற அம்புட்டுப் பேர்ல என்னைய மாதிரி ஒருத்தன்தான் இருந்தான். அவனையும் எடுத்துட்ட. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

மூன்று வாரம் பேசவில்லை. பிறகு நீயே கடைக்குக் கூப்பிட்டு, வேதத்தில் கோடு போட்டு வைத்திருந்த சொற்களைக் காட்டினாய். முடங்கியதால் முடவன். மரத்துப் போவது திமிர், அதோடு நம் ஊர் வைத்தியர் சொல்லும் வாதம் சேர்ந்து திமிர்வாதம். மொழிபெயர்த்தவர்கள் நம் தெருவில் புழங்கியதைத்தான் எடுத்திருக்கிறார்கள் என்பது உன் கட்சி. சப்பாணி மட்டும் உனக்குப் பிடிபடவில்லை. காலை மடக்கிச் சப்பணம் கூட்டி உட்கார்வதிலிருந்து வந்திருக்கலாம் என்றாய்.

"எனக்குக் கால்லதாம்ல திமிரு. உனக்கு உடம்பெல்லாம்" என்று சிரித்தாய். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

இப்போது உன் இடத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்லூரிக்குப் போகும் ஒரு பெண் ஊன்றுகோலோடு உட்காருகிறாள். அந்தச் சொல்லை வாசிக்கட்டுமா என்று நேற்று அவள் வீட்டுக்கே போய்க் கேட்டேன். உன்னிடம் கேட்காமல் விட்ட கேள்வி அது.

அவள் சொன்னாள்: "உள்ளத உள்ளபடி வாசிங்க மாமா. அவன் எந்திரிச்சு நடக்கான்னு வருமுல்லா, அப்ப மட்டும் என்னையப் பாக்காதீங்க. எல்லாரும் பாக்காக."

தலையாட்டிவிட்டு வந்தேன். யார் வாசித்தாலும் அந்த வரி வரும்போதெல்லாம் நான் உன் காலைத்தான் பார்த்திருக்கிறேன், ஒரு தடவை விடாமல். நீ அதைக் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டாய். அதற்கு மட்டும் நீ என்னோடு சண்டை போடவே இல்லை.

ஞாயிறன்று உன் புத்தகத்தைத்தான் எடுத்துப் போகிறேன். அந்த வரி வரும்போது உன் விரல் ரேகையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன்.